ஒப்புதல் வந்த மூன்றே வாரத்தில் மூடப்பட்ட இரண்டு கிரெடிட் கார்டுகள்: திருப்பூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் பவர் டேபிள், அதாவது கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட், நடத்துகிறவர் இவர். வயது நாற்பதுக்குள். ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்துப் பதினான்கு மெஷின். எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலிருந்து கட்டிங் ஆன பீஸ் வரும். தைத்து, செக்கிங் முடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பில் போட்டு நாற்பத்தைந்து, அறுபது நாள் கழித்துத்தான் கம்பெனி பணம் வரும். டெய்லர்களுக்கோ சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுத்தாக வேண்டும். நூல் கோன், ஊசி, மெஷின் பார்ட்ஸ் என்று இடையில் வரும் சில்லறைச் செலவுகளைச் சமாளிக்க அவர் கிரெடிட் கார்டு எடுக்க முடிவு செய்தார். கடனை எப்படிக் கட்டியிருக்கிறார் என்பதைக் காட்டும் சிபில் ஸ்கோர் 768. நகைக்கடன் ஒன்று, பைக் கடன் ஒன்று, இரண்டையும் தவணை தவறாமல் கட்டி முடித்திருந்தார். அதுவரை கிரெடிட் கார்டு கிடையாது.

விஷயம் கடைசியில் போய் நின்ற இடம் அவருடைய முகவரிகள். ஆதாரில் இருப்பது ஈரோடு மாவட்டம் கோபி பக்கத்துக் கிராமத்து வீடு. பெற்றோர் இன்னும் அங்கேதான். மனைவி குழந்தைகளோடு இவர் இருப்பது பாண்டியன் நகர் வாடகை வீட்டில். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவிலும் ஜி.எஸ்.டி. பதிவிலும் பவர் டேபிள் ஓடும் கட்டடம், ஆனால் அதன் மின் இணைப்பு கட்டட உரிமையாளர் பெயரில். கட்டடத்துக்குப் பெயர்ப் பலகை இல்லை. அந்தச் சந்தில் யாருக்கும் இல்லை.

பெயரும் அப்படித்தான். ஆதாரில் பெயரோடு ஓரெழுத்து இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக நீண்டு கடைசிப் பெயராக நிற்கிறது. சந்துக்குள் இந்த இரண்டு பெயருமே புழக்கத்தில் இல்லை. அப்பா ஒரு காலத்தில் விசைத்தறி ஓட்டியவர் என்பதால் எல்லோருக்கும் இவர் ‘தறிக்காரர்’.

வருமான வரிக் கணக்கு, சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவின் கீழ் ஒழுங்காகத் தாக்கல் ஆகியிருந்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் காட்டிய வருமானம் ₹4.9 லட்சம்.

ஒரே வங்கியில் இரண்டு விண்ணப்பங்கள்

2024 ஆகஸ்ட் நடுவில், பெட்ரோல் பங்கில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஏஜென்ட் ஒருவர் வழியாகப் பெட்ரோல் கார்டுக்கு விண்ணப்பம் போனது. விவரங்களை டேப்லெட்டில் நிரப்பியவர் ஏஜென்ட். சுயதொழில் என்று போட்டால் தாமதமாகும் என்று சொல்லி ‘தனியார் நிறுவனச் சம்பளம்’ என்று தேர்ந்தெடுத்தார். மாத வருமானம் ₹60,000 என்று ரவுண்டாகப் போட்டார். அலுவலக முகவரியில் கதவு எண் இல்லை, சந்தின் பெயர் மட்டும். வந்த ஓடிபியை இவர் சொன்னார். திரையில் இருந்ததைப் படிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து அதே வங்கியின் செயலியில் கேஷ்பேக் கார்டுக்கு முன் ஒப்புதல் அழைப்பு தெரிந்தது. அதை இவரே நிரப்பினார். இந்த முறை உள்ளதை உள்ளபடி: சுயதொழில், ஆண்டு வருமானம் ₹4.9 லட்சம், பாண்டியன் நகர் வீட்டு முகவரி. வீடியோ அழைப்பில் நடக்கும் அடையாளச் சரிபார்ப்பான வீடியோ கே.ஒய்.சி.யை வேலைக்கு நடுவில் பவர் டேபிளில் நின்றபடியே முடித்தார். வீடியோ கே.ஒய்.சி.யில் வாடிக்கையாளர் நிற்கும் இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் பதிவாகும்.

இரண்டுக்கும் ஒப்புதல் வந்தது. இரண்டு கார்டுக்கும் சேர்த்து ஒரே லிமிட், ₹1,20,000. கேஷ்பேக் கார்டு கூரியரில் வந்தது. பின் நம்பர் போட்டுப் பயன்படுத்தத் தொடங்கினார். பெட்ரோல் கார்டின் எண் செயலியில் தெரிந்தது, பிளாஸ்டிக் மட்டும் வரவே இல்லை. அனுப்புதல் நிலை ‘செயல்பாட்டில்’ என்றே நின்றது. கூரியர் தாமதம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கூடவே எடுத்த ஒரு கார்டு நாலு நாளில் வந்து, இன்னொன்று இரண்டு வாரத்துக்கு மேல் அச்சுக்கே போகாமல் இருந்தால் கோப்பு சரிபார்ப்பில் சிக்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் அறிகுறி அதுதான், அது தவறவிடப்பட்டது.

ஒப்புதல் குறுஞ்செய்தியைப் பெரும்பாலானவர்கள் முடிவு என்று நினைக்கிறார்கள். செயலியில் சில நிமிடத்தில் வரும் ஒப்புதல், சிபில் ஸ்கோரையும் வங்கியிடம் ஏற்கெனவே உள்ள விவரத்தையும் வைத்துக் கணினி கொடுப்பது. முகவரிக்கு ஆள் அனுப்பிப் பார்ப்பது, மோசடித் தடுப்புப் பிரிவு விண்ணப்பங்களை ஒப்பிடுவது, ஒரே ஆளின் இரண்டு விண்ணப்பங்களைச் சேர்த்துப் பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகும் நடக்கும். 2023 நவம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளின் கிரெடிட் கார்டு பாக்கிக்கான ரிஸ்க் வெயிட்டை 125 சதவீதத்திலிருந்து 150 ஆக உயர்த்தியது. அதாவது ஒவ்வொரு கார்டு பாக்கிக்கும் வங்கி ஒதுக்கி வைக்க வேண்டிய மூலதனம் கூடியது. சந்தேகம் உள்ள கணக்கைப் பொறுத்துக்கொள்ள வங்கிக்கு இருந்த காரணங்களில் ஒன்று குறைந்தது.

மூடல்

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கேஷ்பேக் கார்டில் போட்டிருந்த பிராட்பேண்ட் ஆட்டோ பேமென்ட் தோல்வி என்று குறுஞ்செய்தி வந்தது. செயலியைத் திறந்தால் இரண்டு கார்டுமே ‘கணக்கு மூடப்பட்டது’. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி இல்லை, மின்னஞ்சல் இல்லை.

வாடிக்கையாளர் சேவையில் கிடைத்த பதில்: “இன்டர்னல் பாலிசி சார்.” மேற்கொண்டு கேட்டால் அதே வாக்கியம். கிளைக்குப் போனால் மேலாளர் கையை விரித்தார்: “கார்டு டிவிஷன் தனிங்க. எங்க சிஸ்டத்துல காரணமே தெரியாது.” அவர் சொன்னது பொய்யில்லை. கார்டு முடிவுகள் மையமாக எடுக்கப்படுகின்றன. கிளையில் உட்கார்ந்து வாதாடுவது வீண். கிளையில் ஆகக்கூடியது ஒன்றுதான்: எழுத்தில் கொடுக்கும் புகாருக்கு முத்திரை வைத்த நகல் வாங்கலாம்.

அன்றைய நிலையில் கேஷ்பேக் கார்டில் பாக்கி இருந்தது. நூல் கோனும் ஊசியும் வாங்கிய ₹14,260, பைக் இன்சூரன்ஸ் ₹1,940, சேர்க்கைக் கட்டணம் ₹499-உம் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து ₹588.82. ஆக மொத்தம் ₹16,788.82. முதல் ஸ்டேட்மென்ட் இன்னும் வரவில்லை.

முதல் இரண்டு நாளில் எடுத்த முடிவுகள்

அவருடைய முதல் எண்ணம், மூடியவன் பணத்தை எதற்குக் கட்ட வேண்டும் என்பது. இரண்டாவது எண்ணம், வேறொரு வங்கியில் உடனே விண்ணப்பிப்பது. வரிக் கணக்கு பார்க்கும் ஆலோசகர் இரண்டையும் தடுத்தார்.

பாக்கியை முதலில் கட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கார்டு மூடினாலும் பாக்கி மூடாது. ஸ்டேட்மென்ட் தேதியில் பில் வரும், கெடு தேதி ஓடும். கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால் தாமதக் கட்டணமும் சிபிலில் பதிவும் தொடங்கலாம். வங்கியோடு தகராறு இருக்கிறது என்பதால் அந்தப் பதிவு நின்றுவிடும் என்று நம்ப முடியாது. தவறு வங்கியுடையதாகவே இருந்தாலும், தாமதம் என்ற ஒரு வரி அறிக்கையில் ஏறிவிட்டால் பேச்சு அதோடு திரும்பிவிடும்.

கட்டுவதிலும் ஒரு சிக்கல். மூடிய கார்டுக்குச் செயலியில் ‘பணம் செலுத்து’ பொத்தான் இல்லை. யுபிஐ செயலிகளின் பில் பகுதி கார்டு எண்ணை ஏற்கவில்லை. கார்டு எண்ணையே கணக்கு எண்ணாகப் போட்டு, வங்கி தன் கார்டு பாக்கிக்கென்று வெளியிட்டிருந்த ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டுக்கு என்.இ.எஃப்.டி. செய்யும் வழிதான் மிச்சம். முதலில் ₹100 அனுப்பி, சேவை எண்ணில் கூப்பிட்டு வரவு ஏறியதா என்று உறுதி செய்த பிறகு மீதி ₹16,688.82 அனுப்பப்பட்டது. பணம் அனுப்பியதை அடையாளம் காட்டும் யு.டி.ஆர். எண்கள் குறித்துவைக்கப்பட்டன. சர்ச்சைக்குரிய சேர்க்கைக் கட்டணமும் சேர்த்தே கட்டப்பட்டது. கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்பது, கட்டாமல் வாதாடுவதைவிடப் பாதுகாப்பு.

அடுத்தது ஆதாரம். மூடிய கார்டு சில நாளில் செயலியிலிருந்தே காணாமல் போய்விடலாம், பரிவர்த்தனைப் பட்டியலும் கூடவே போகலாம். அதனால் அன்றைக்கே எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்பட்டன: ஒப்புதல் குறுஞ்செய்திகள், லிமிட் காட்டும் பக்கம், ‘மூடப்பட்டது’ என்ற பக்கம், பெட்ரோல் கார்டின் அனுப்புதல் நிலை, பரிவர்த்தனைகள். சேவை எண்ணுக்குப் பேசிய ஒவ்வொரு அழைப்பின் குறிப்பு எண்ணும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதப்பட்டது. பிராட்பேண்ட் ஆட்டோ பேமென்ட் சேமிப்புக் கணக்குக்கு மாற்றப்பட்டது.

புதிய விண்ணப்பத்தை நிறுத்தியது, விசாரணைப் பதிவுகளுக்காக. ஒவ்வொரு விண்ணப்பமும் சிபிலில் ஒரு விசாரணையாக, அதாவது வங்கி அறிக்கையைக் கேட்டுப் பார்த்த குறிப்பாக, ஏறும். ஒரே மாதத்தில் இரண்டு விசாரணை, இரண்டு புதுக் கணக்கு, இரண்டும் உடனே மூடல் என்று அறிக்கை இருக்கும்போது மூன்றாவதாக ஒரு வங்கி அதைத் திறந்து பார்த்தால் என்ன நினைக்கும்? காரணம் தெரியாமல் மறுபடி விண்ணப்பித்தால் அதே காரணம் அங்கேயும் தடுக்கும்.

இதற்கிடையில், ஆத்திரத்தில் சமூக ஊடகத்தில் வங்கியின் பக்கத்துக்குக் கீழே தன் போன் நம்பரோடு ஒரு பதிவு போட்டார். அரை மணி நேரத்தில் ‘கார்டு டிபார்ட்மென்ட்’ என்று ஒருவர் கூப்பிட்டார்; கார்டைத் திறந்துவிடத் திரையைப் பகிரும் செயலி ஒன்றைப் போனில் ஏற்றச் சொன்னார். மனைவி பக்கத்தில் இருந்து போனை வாங்கித் துண்டித்தார். மூடிய கார்டை எந்த வங்கியும் போனில் ஓடிபி வாங்கித் திறப்பதில்லை. அப்படிப் பணம் போயிருந்தால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930.

காரணம் கேட்டு எழுதிய கடிதம்

‘கார்டைத் திறந்து கொடுங்கள்’ என்று எழுதுவதா, ‘ஏன் மூடினீர்கள்’ என்று எழுதுவதா என்பதில் கொஞ்சம் விவாதம் நடந்தது. இரண்டாவதே சரி என்று முடிவானது. யாருக்குக் கடன் கொடுப்பது என்பது வங்கியின் வணிக முடிவு. வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேன் திட்டமே வணிக முடிவுகளைப் பற்றிய புகாரை ஏற்காது. காரணத்தைச் சொல்லாமல் விட்டது, அறிவிக்காமல் மூடியது, கட்டணத்தைப் பிடித்துக்கொண்டது ஆகியவை சேவைக் குறைபாடு. கேள்வியை அந்தப் பக்கம் வைத்தால்தான் பதில் சொல்லும் கடமை வங்கிக்கு வரும்.

கைகொடுத்தது, அப்போது நடைமுறையில் இருந்த ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு வழிகாட்டு நெறிகள். 2022 ஏப்ரல் 21-இல் வெளியாகி ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தவை. கார்டை முடக்கினாலோ நிறுத்திவைத்தாலோ சலுகையை விலக்கினாலோ, காரணத்தோடு உடனடியாகக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் போன்ற வழிகளில் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது.

பலர் இதே நெறிகளில் உள்ள நாளுக்கு ₹500 அபராதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த நிகழ்வுக்கு அது பொருந்தாது. வாடிக்கையாளர் கார்டை மூடச் சொல்லி, பாக்கி எதுவும் இல்லாதபோதும் வங்கி ஏழு வேலை நாளில் மூடாவிட்டால் கிடைப்பது அது. வங்கி தானாக மூடியதற்கு அந்தப் பிரிவைக் காட்டினால் வங்கி அதை மட்டும் மறுத்துப் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடும்.

மின்னஞ்சலின் முக்கியப் பகுதி இதுதான்:

“என் பெயரில் வழங்கப்பட்ட இரண்டு கிரெடிட் கார்டு கணக்குகள் எனக்கு அறிவிக்காமல் மூடப்பட்டுள்ளன. கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டுகிறேன். ஒன்று, மூடியதற்கான குறிப்பான காரணம். ‘உள் கொள்கை’ என்ற பதில் போதாது. இரண்டு, எந்தத் தேதியில், எந்த வழியில் எனக்குத் தெரிவிக்கப்பட்டது என்பதற்கான பதிவு. மூன்று, சேர்க்கைக் கட்டணம் ₹588.82-ஐத் திருப்பித் தர வேண்டும். நான்கு, பாக்கி இல்லை என்ற சான்றிதழ். ஐந்து, இரு கணக்குகள் பற்றியும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பிய விவரம்.”

கோபம் ஒரு வரியில்கூட இல்லை. யாரோ ஒருவர் இதைக் கேள்வி கேள்வியாக டிக் அடித்துப் பதில் எழுத வேண்டும் என்பதை மனதில் வைத்து எழுதப்பட்டது. கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் குறிக்கப்பட்டது.

முதல் பதில் ஆறாம் நாள் வந்தது: கட்டணம் திருப்பப்படும், மூடல் வங்கியின் விருப்புரிமை. ‘மூடுவது முடக்குவது ஆகாது, எனவே காரணம் சொல்லும் விதி பொருந்தாது’ என்று ஒரு வாதமும் இருந்தது. சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கும் வாதம். நிறுத்திவைத்ததற்கே காரணம் சொல்ல வேண்டுமென்றால், அடியோடு மூடியதற்குச் சொல்லத் தேவையில்லை என்பது எப்படி? இதையே ஒரு பத்தியாக எழுதி, வங்கியில் புகார்களுக்குப் பொறுப்பான நோடல் அதிகாரிக்கு மேல்முறையீடு போனது. புகார் கொடுத்த இருபத்தாறாம் நாளில் அவரிடமிருந்து உண்மையான காரணம் வந்தது: அலுவலக முகவரி நேரடிச் சரிபார்ப்பில் உறுதியாகவில்லை, இரு விண்ணப்பங்களில் தொழில், வருமான விவரங்கள் முரண்படுகின்றன.

சரிபார்க்க வந்தவர்

அந்தப் பதிலோடு பவர் டேபிளில் விசாரித்தபோது செக்கிங் மேசையில் இருக்கும் அம்மா நினைவுபடுத்திச் சொன்னார். ஆகஸ்ட் கடைசியில் ஒரு மத்தியானம், ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்ற ஒரு பையன் போனைப் பார்த்து ஒரு பெயரைப் படித்து, அவர் இங்கே வேலை செய்கிறாரா என்று கேட்டிருக்கிறான். பெயர் பான் கார்டில் உள்ளபடி, அப்பா பெயரோடு. கேள்வி, விண்ணப்பத்தில் உள்ளபடி, சம்பளத்துக்கு வேலை செய்கிறவரைப் பற்றி. பதினான்கு மெஷின் சத்தத்தில் அந்த அம்மா சொன்ன பதில்: “அப்டி ஆரும் இங்க வேலை செய்யலீங்க தம்பி.” ஓனர் அப்போது கம்பெனிக்குப் பீஸ் கொடுக்கப் போயிருந்தார். பையன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டான். போட்டோவில் பலகை இல்லாத ஒரு தகரக் கதவு மட்டும் விழுந்திருக்கும்.

அம்மா சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. வந்தவன் எழுதியதும் அவன் கேட்டதற்குக் கிடைத்த பதிலைத்தான். வங்கியின் பார்வையில் இது எப்படி இருந்திருக்கும் என்று அடுக்கிப் பார்த்தால் புரியும். ஒரே ஆள் ஒரே வாரத்தில் ஓரிடத்தில் சம்பளக்காரர், ஆண்டுக்கு ₹7.2 லட்சம், இன்னோரிடத்தில் சுயதொழில், ₹4.9 லட்சம். ஆதார் முகவரி ஈரோடு மாவட்டம், வீடு என்று சொன்னது பாண்டியன் நகர், வீடியோ எடுத்த இடம் இரண்டும் இல்லாத மூன்றாவது இடம். வேலை செய்வதாகச் சொன்ன இடத்தில் அப்படி யாரும் இல்லை. போலி விண்ணப்பத்தின் லட்சணங்கள் எல்லாம் பொருந்துகின்றன. ஒரு கோப்பு ‘எதிர்மறை’ ஆனதும் அதே ஆளின் மற்ற கார்டும் சேர்ந்து மூடப்பட்டது.

சொந்த உபயோகத்துக்கான கார்டில் நூல் வாங்கியது காரணமா என்றும் யோசிக்கப்பட்டது. ஒற்றைப் பரிவர்த்தனைக்காக மூடியிருக்க வாய்ப்பில்லை, பதிலிலும் அது இல்லை. ஆனாலும் தனிநபர் கார்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வங்கிகளின் நிபந்தனைகளில் இருப்பது வழக்கம். புதுக் கார்டின் முதல் பில்லிலேயே கோன் கடையில் பெரிய தொகை தேய்ப்பது வேண்டாத வேலை.

சிபில் அறிக்கையில் தெரிந்தது

ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். செப்டம்பர் கடைசியில் சிபிலில் எடுத்துப் பார்த்தபோது இரண்டு கார்டும் இருந்தன. கேஷ்பேக் கார்டு இருப்பது சரி. பெட்ரோல் கார்டு? அது கைக்கே வரவில்லை, செயல்படுத்தப்படவும் இல்லை. ஆனால் ₹1,20,000 லிமிட்டோடு தனிக் கணக்காக, திறந்த நிலையில் இருந்தது. செயல்படுத்தும் முன் ஒரு புதிய கார்டு கணக்கைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கவே கூடாது என்றன அதே 2022 நெறிகள். இந்த முழு விவகாரத்திலும் வங்கி தெளிவாக விதி மீறிய இடம் இது ஒன்றுதான். கார்டு மூடியதைவிட இதை முக்கியமாக எடுத்துக்கொண்டதுதான் பின்னால் பலன் தந்தது.

சிபில் இணையதளத்தில் தகராறு பதிவு செய்யப்பட்டது. வங்கிக்கும் தனி மின்னஞ்சல் போனது. 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி ஏற்பாட்டின்படி, இப்படிப்பட்ட புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 இழப்பீடு உண்டு. கடன் கொடுத்த நிறுவனம் 21 நாளுக்குள் திருத்தத்தை அனுப்ப வேண்டும். அந்தக் கெடுவைத் தாண்டினால் இழப்பீடு அதன் தலையில்.

முப்பது நாள் கடந்தும் திருத்தம் வரவில்லை.

ஓம்பட்ஸ்மேன்

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்ற பேச்சு வந்தது. ₹5 லட்சம் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணமும் இல்லை. ஆனால் அதே விவகாரம் நீதிமன்றத்திலோ ஆணையத்திலோ இருந்தால் ஓம்பட்ஸ்மேன் ஏற்கமாட்டார். இரண்டில் ஒன்றைத்தான் முதலில் எடுக்க முடியும். ஆவணம் கையில் இருக்கிறது, நேரில் யாரும் அலையத் தேவையில்லை என்பதால் ஓம்பட்ஸ்மேன் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

அப்போது நடைமுறையில் இருந்த 2021-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த ஓம்பட்ஸ்மேன் திட்டத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. ரிசர்வ் வங்கி புகார்களை வாங்கும் சி.எம்.எஸ். இணையதளத்தில் போடலாம், சந்தேகம் கேட்க 14448 என்ற எண். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராமல் போயிருக்க வேண்டும் அல்லது வந்த பதில் திருப்தியில்லாமல் இருக்க வேண்டும். நேராக இங்கே வந்தால் திருப்பி அனுப்பப்படும். பல புகார்கள் விழுவது இந்தப் படியில்தான்.

தீபாவளி கழிந்த வாரத்தில் புகார் போடப்பட்டது. மூன்று கோரிக்கைகள் மட்டும்: செயல்படுத்தாத கார்டின் பதிவை நீக்கி, தாமதத்துக்கான இழப்பீடு தர வேண்டும், அறிவிக்காமல் மூடியதற்கு விளக்கம் வேண்டும், திருப்பிய கட்டணத்தைக் கையில் தர வேண்டும். மூன்றாவது எங்கிருந்து வந்தது என்றால், வங்கி ₹588.82-ஐ மூடிய கார்டு கணக்கிலேயே வரவு வைத்திருந்தது. பாக்கி முழுதும் கட்டப்பட்டிருந்ததால் அது மிகை வரவாக அங்கேயே கிடந்தது. மூடிய கணக்கில் உள்ள மிகை வரவை வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்பதும் விதி. கேட்காமல் நடப்பது அபூர்வம்.

கார்டைத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்த்திருந்தால் ‘வணிக முடிவு’ என்ற ஒரு காரணத்தில் மொத்தப் புகாரையும் தட்டிவிட வழி கிடைத்திருக்கும்.

புகார் வங்கிக்குப் போனதும் வேகம் மாறியது. சில நாளிலேயே பெட்ரோல் கார்டு பதிவு சிபிலிலிருந்து நீக்கப்பட்டது. தகராறு போட்ட நாளிலிருந்து அது நாற்பத்தொன்றாம் நாள். எனவே 11 நாளுக்கு ₹1,100. அந்தத் தொகையும் ₹588.82-உம் சேமிப்புக் கணக்குக்கு வந்தன. அறிவிக்காமல் விட்டதற்கு வங்கி ஒரு வருத்தக் கடிதம் எழுதியது. குறுஞ்செய்தி ‘தொழில்நுட்பக் காரணத்தால்’ போகவில்லையாம். தீர்வு ஏற்பட்டுவிட்டதாகப் புகார் முடிக்கப்பட்டது. கார்டுகள் மூடியபடியே இருந்தன.

அதன் பிறகு

கேஷ்பேக் கார்டு அறிக்கையில் ‘மூடப்பட்டது, பாக்கி பூஜ்யம்’ என்று இருக்கிறது. அது கெடுதல் இல்லை. ‘செட்டில்ட்’ (குறைத்துக் கட்டி முடித்தது) என்றோ ‘ரைட் ஆஃப்’ (வாராக்கடனாகத் தள்ளியது) என்றோ வராமல் பார்த்துக்கொண்டதுதான் முக்கியம், அன்றைக்கு ₹16,788.82-ஐக் கட்டாமல் விட்டிருந்தால் அந்த வார்த்தைகளில் ஒன்று வந்திருக்கக்கூடும். விசாரணைப் பதிவுகள் இரண்டும் அறிக்கையில் உள்ளன. அவற்றை நீக்க முடியாது, ஏனென்றால் விண்ணப்பம் உண்மையில் போனது. ‘சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்று ₹8,000 கேட்ட ஒரு ஏஜென்ட்டுக்கு இந்த விளக்கத்தைச் சொல்லித்தான் பணம் கொடுக்கவில்லை.

காகிதங்களைச் சரிசெய்வதில் அந்தக் குளிர்காலம் போனது. ஆதார் முகவரி பாண்டியன் நகருக்கு மாற்றப்பட்டது. பான் கார்டில் பெயர், ஆதாரில் உள்ளபடி திருத்தப்பட்டது. கட்டட உரிமையாளரிடம் பவர் டேபிளுக்கு எழுத்தில் வாடகை ஒப்பந்தம் வாங்கப்பட்டது, அதுவரை வாய்மொழிதான். வங்கிக் கணக்கில் கே.ஒய்.சி. புதுப்பித்து, மைய கே.ஒய்.சி. பதிவிலும் புது முகவரி ஏறியிருக்கிறதா என்று பார்க்கப்பட்டது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்த வங்கி அங்கிருந்து பழைய முகவரியை எடுத்தால் குழப்பம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பிறகு, பவர் டேபிளின் நடப்புக் கணக்கு இருக்கும் வேறொரு வங்கியில் ₹50,000 வைப்புத்தொகை போட்டு, அதன் பிணையில் ₹45,000 லிமிட் உள்ள கார்டு எடுத்தார். வைப்புத்தொகை வங்கியிடமே இருப்பதால் இந்த வகைக் கார்டில் சரிபார்ப்பு இத்தனை கெடுபிடியாக இருக்காது. லிமிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பயன்படுத்தி, மாதாமாதம் முழுத் தொகையும் கட்டினார். 2025 ஜூனில் அதே வங்கி பிணையில்லாக் கார்டு தந்தது, லிமிட் ₹80,000. இந்த முறையும் சரிபார்க்க ஆள் வந்தார். செக்கிங் அம்மாவே ஓனருக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

மறுபடி செய்வதானால் மாற வேண்டியவை

ஒரே வங்கியில் இரண்டு கார்டு வேண்டுமென்றாலும் ஒன்றை எடுத்து, இரண்டு மூன்று பில் கட்டிய பிறகு அடுத்ததைக் கேட்பது. ஏஜென்ட் வழி ஒன்று, செயலி வழி ஒன்று என்று போவது எந்த நிலையிலும் கூடாது. இரண்டிலும் எழுதப்படுவது ஒன்றாக இருக்காது.

ஏஜென்ட் நிரப்பினால் ஓடிபி சொல்லும் முன் டேப்லெட்டை வாங்கி நான்கு இடத்தைப் பார்க்க வேண்டும்: தொழில் வகை, வருமானம், அலுவலக முகவரி, பெயர் எழுதியிருக்கும் விதம். ஓடிபி கொடுத்தால் அதில் உள்ளது எல்லாம் விண்ணப்பதாரர் சொன்னதாகவே ஆகும். பின்னால் ஏஜென்ட்டைக் காட்டித் தப்ப முடியாது. இந்த நிகழ்விலும் ஏஜென்ட் மீது கொடுத்த தனிப் புகாருக்கு ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் வரவில்லை.

வீடியோ கே.ஒய்.சி.யை விண்ணப்பத்தில் சொன்ன முகவரியில் உட்கார்ந்து செய்வது நல்லது. ஆதார் முகவரி வேறாக இருந்தால் இப்போதைய முகவரிக்கான சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைப்பை எடுக்க வேண்டும்.

பவர் டேபிள், தறிக்குடோன், லேத் பட்டறை என்று நடத்துபவர்களுக்கு ஒரு ஏ4 தாளாவது கதவில் வேண்டும்: உத்யமில் உள்ள பெயர், உரிமையாளர் பெயர் பான் கார்டில் உள்ளபடி, போன் நம்பர். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு, வாசலுக்குப் பக்கத்தில் உட்காருபவரிடம் “பேங்க்குல இருந்து இந்தப் பேரைக் கேட்டு ஆளு வருவாங்க, எனக்குப் போன் போட்டுக் குடுங்க” என்று சொல்லி வைக்க வேண்டும்.

இரண்டு மூன்று பில் ஒழுங்காக வந்து கட்டும் வரை புதுக் கார்டில் ஆட்டோ பேமென்ட் எதையும் போட்டுவிடக் கூடாது. சனிக்கிழமைக் கூலிக்கு வைத்த ரொக்கத்தை, புதுக் கார்டை நம்பி, வேறு செலவுக்குத் திருப்பவும் கூடாது. பிளாஸ்டிக் பத்து நாளில் வராவிட்டால் கூரியரைத் துரத்தாமல், சேவை எண்ணில் “சரிபார்ப்பு நிலுவையில் இருக்கிறதா, எந்த ஆவணம் வேண்டும்” என்று கேட்க வேண்டும். மூடிய பிறகு எழுதிய எந்தக் கடிதத்தையும்விட, ஆகஸ்ட் கடைசியில் அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டிருந்தால் கார்டுகளைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம் இருந்திருக்கும்.